கிரேக்க மெய்யியலில் காதலும் வேட்கையும்

மெய்யியலைக் குறிக்கும் 'ஃபிலசோஃபியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அறிவின்பால் கொண்ட அன்பு' என்பது பொருள். பெயரிலேயே அன்பைத் தாங்கிய அத்துறை, காதலையும் வேட்கையையும் ஆராய்ந்ததில் வியப்பில்லை. அவ்வாய்வில் தலையாயது பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்னும் உரையாடல் நூலாகும்.

கி.மு. 416இல் அகாத்தோன் என்னும் கவிஞர் துன்பியல் நாடகப் போட்டியில் முதல் வெற்றி பெற்றார். அதனைக் கொண்டாட ஏதென்சில் நடைபெற்ற விருந்தே நூலின் களம். விருந்தினர் ஒவ்வொருவராக 'ஈரோஸ்' எனப்படும் காதலைப் புகழ்ந்துரைக்கின்றனர். முன்னாளில் இரட்டை உடலுடன் வாழ்ந்த மாந்தரைச் சீயுஸ் என்னும் கடவுள் இரண்டாகப் பிளந்தார் என்றும், இழந்த பாதியைத் தேடுவதே காதல் என்றும் இன்பியல் நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கூறுகிறார்.

சாக்ரடீஸ் எளிய வினா ஒன்றை எழுப்புகிறார்: தம்மிடம் உள்ளதை எவரேனும் வேட்பரோ? நலமுடையவன் நலத்தை விரும்புகிறான் எனின், அது நாளையும் நிலைக்க வேண்டும் என்பதே அவன் விருப்பம். எனவே வேட்கை, இல்லாமையிலிருந்து பிறப்பது. தியோத்திமா என்னும் பெண்மணி தமக்குக் கற்பித்ததையும் அவர் எடுத்துரைக்கிறார். ஓர் உடலின் அழகில் தொடங்கும் காதல், எல்லா உடல்களின் அழகு, உள்ளத்தின் அழகு, ஒழுக்கங்கள், சட்டங்கள் ஆகியவற்றின் அழகு, அறிவின் அழகு எனப் படிப்படியாக ஏறி, இறுதியில் என்றும் மாறாத பேரழகைக் காண்கிறது.

ஈண்டு நமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. உச்சியை அடைந்தவனுக்கு, முதற்படியில் நின்ற மனிதர் என்ன ஆனார்? பிளேட்டோவின் காதல் மனிதரின் சிறப்பியல்புகளை நேசிக்கிறதேயன்றி முழு மனிதரை நேசிக்கவில்லை என 1973இல் ஆய்வறிஞர் கிரெகரி விளாஸ்டாஸ் குறை கூறினார். ஆயினும் அந்நூலிலேயே, குடிமயக்கத்துடன் இறுதியில் நுழையும் அல்சிபியாடீஸ், காதலைப் பொதுவாகப் புகழாமல் சாக்ரடீஸ் என்னும் ஒரு மனிதரையே புகழ்கிறார் என்பது நோக்கத்தக்கது.

பிளேட்டோவின் மாணவராகிய அரிஸ்டாட்டில், தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் 10 பகுதிகளுள் இரண்டை 'ஃபிலியா' என்னும் நட்பன்புக்கு ஒதுக்கினார். பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என நட்பு மூவகைப்படும் என்றார். முன்னிரண்டும் அப்பயனும் இன்பமும் நீங்கியவுடன் நீங்கிவிடும். மூன்றாவதோ நண்பரின் நன்மையை நண்பருக்காகவே விரும்புவது. நெடுநாட் பழக்கமின்றி வளராதது.

வேட்கை நம்மை மேலே ஏற்றுகிறது. அன்போ உடனிருப்பவரை விட்டு நீங்காதிருக்கச் செய்கிறது. அறிவின் படிகளில் ஏறும் நாம், நம்மை நேசித்தவரை வெறும் படியாகக் கருதுதல் தகாது.