ஜெர்மனி செல்வோரும் நோய்க் காப்பீடும்

உத்தியோக நிமித்தமாகவோ படிப்பை முன்னிட்டோ ஜெர்மனிக்குப் புறப்படும் நம்மவர்கள், விமானச் சீட்டையும் விசாவையும் பற்றி விசாரிக்கும் அக்கறையில் பாதியையேனும் நோய்க் காப்பீட்டின்மேல் காட்டுவதில்லை. காட்டினாலும், மாதச் சந்தா எவ்வளவு என்ற ஒரே கேள்வியோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். 1883ஆம் ஆண்டில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் தொழிலாளருக்கென்று தோன்றிய சட்டம் மெல்ல மெல்லக் கிளைத்து, 2009 முதல் அந்நாட்டில் குடியிருக்கும் அனைவருக்கும் காப்பீடு கட்டாயம் என்ற நிலையை எட்டியிருப்பதால், எடுப்பதா வேண்டாமா என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. பொதுக் காப்பீடா, தனியார் காப்பீடா, எந்த வகையை எடுப்பது என்பதுதான் பிரச்னை. சந்தாவை விசாரிக்குமுன், பின்னாளில் இதைவிட்டு விலக வழியுண்டா என்று விசாரிப்பவரே நஷ்டப்படாதவர் என்பது என் அபிப்பிராயம்.

பொதுக் காப்பீட்டில் சந்தா சம்பளத்தின் விகிதப்படி அமைகிறது: 14.6 சதவீதம் அடிப்படை. அதன்மேல், இக்காப்பீட்டை நடத்தும் ஒவ்வொரு நிதியும் தானே நிர்ணயிக்கும் கூடுதல் சந்தா, 2025இல் சராசரியாக 2.5 சதவீதம். இரண்டிலும் பாதியை முதலாளி செலுத்திவிடுகிறார். வயதையோ பழைய வியாதியையோ யாரும் கேட்பதில்லை. வருமானமில்லாத மனைவியும் குழந்தைகளும் ஒரு காசு கூடுதலின்றி அதே காப்பீட்டில் சேர்ந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் வருஷத்தில் 28 நாட்களுக்கு மட்டும் நாம் தரவேண்டும். டாக்டர் எழுதித்தரும் மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ வரை. டெக்னிக்கர், பார்மர், ஏ.ஓ.கே. என்று நிதிகள் பல இருந்தாலும், சலுகைகளில் பெரும்பகுதியைச் சட்டமே வகுத்துவிடுவதால், கூடுதல் சந்தா குறைவாகவும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆளுள்ளதாகவும் இருப்பதைப் பார்த்துச் சேர்ந்தால் போதும். பிடிக்காவிட்டால் 12 மாதங்களில் வேறொன்றுக்கு மாறலாம்; கூடுதல் சந்தாவை உயர்த்தினாலோ அதற்கு முன்பே விலகலாம்.

தனியார் காப்பீடோ வேறு ஜாதி. உத்தியோகஸ்தர்களில் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி வருஷம் 73,800 யூரோவுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கே அதன் கதவு திறக்கும். சேரும்போதுள்ள வயதும் தேக ஆரோக்கியமும் சந்தாவை நிர்ணயிப்பதால், இருபத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரியான மென்பொருள் பொறியாளருக்கு அது பொதுக் காப்பீட்டைவிட வெகு மலிவாகத் தோன்றும். நிபுணர்களிடம் சீக்கிரமாக நேரமும் கிடைக்கும். வாலிபம் நிரந்தரம் என்று நம்புகிறவர்களை உத்தேசித்தே எழுதிய விலைப்பட்டியல் அது. கல்யாணமாகி, மனைவி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்து, இரண்டு குழந்தைகளும் பிறந்தபின், நான்கு பேருக்கும் தனித்தனியே சந்தா கட்டும்போதுதான் முதலில் கண்ட லாபம் எங்கே போயிற்று என்ற விசாரம் எழும். டாக்டரின் பில்லைப் பெரும்பாலும் முதலில் நாமே கட்டிப் பின்னர் கேட்டு வாங்கவேண்டும். விண்ணப்பத்தில் பழைய வியாதியை மறைத்தவருடைய ஒப்பந்தத்தையே கம்பெனி ரத்து செய்யவும் கூடும். பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதற்கோ, உத்தியோகத்தில் இருப்பவருக்குச் சம்பளம் மேற்சொன்ன வருமான வரம்புக்குக் கீழே இறங்கவேண்டும். வயது 55ஐக் கடந்துவிட்டால் அவ்வழியும் அநேகமாக அடைபட்டுவிடும். ஆகவே இரண்டு மூன்று வருஷங்களில் ஊர் திரும்புவது நிச்சயம் என்றிருக்கும் தனியாளுக்குத் தனியார் காப்பீடு பொருந்தலாம். குடும்பமாய் வேரூன்ற எண்ணுபவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பெருஞ்சம்பளத்தோடு முதன்முறையாக அங்கே வேலையில் அமர்பவரும் மூன்று மாதங்களுக்குள் எழுதிக்கொடுத்தால் பொதுக் காப்பீட்டிலேயே சேரலாம் என்பதைப் பலர் அறியாமல் தவணையைத் தவறவிடுகிறார்கள்.

முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்க்குப் பொதுக் காப்பீட்டில் தனிச் சந்தா உண்டு. அது 2025இல் மாதம் 140 யூரோவையொட்டி இருந்தது. இதைவிட மலிவென்று தனியாரிடம் போக விலக்குப் பெற்றுவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை மாற இயலாது. முப்பதைக் கடந்து புதிதாக வருபவருக்கோ பெரும்பாலும் தனியாரே கதி.

மாதம் முப்பது நாற்பது யூரோவுக்குக் கிடைக்கும் பிரயாணக் காப்பீடு எல்லாவற்றிலும் மலிவு. பழைய வியாதியையும் பல சமயம் பிரசவத்தையும் அது விலக்கிவிடுகிறது. நீண்ட கால வசிப்புக்கு அதைக் குடியேற்ற அலுவலகங்கள் சாதாரணமாக ஏற்பதுமில்லை. அக்டோபர் 1ஆம் தேதி பருவம் தொடங்க, செப்டம்பரிலேயே போய் இறங்கும் மாணவருக்கு இடைப்பட்ட வாரங்களை நிரப்ப அதுவே போதும். பார்க்க வரும் தாய் தந்தையருக்கும் அதுதான். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்பு வேண்டும், ஆனால் தகப்பனாரின் சர்க்கரை வியாதியை அந்த பாலிசி எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதைப் படித்துப்பார்த்தே பணம் கட்டவேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது பொதுக் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுபடியாகாது என்பதால், அந்தப் பிரயாணத்துக்கும் தனியே ஒரு காப்பீடு எடுத்துக்கொள்வது நலம். வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் அந்தத் தொகை அற்பமானது.