‘கனெக்ட் 115200’ உங்கள் வேகமல்ல

பழைய யூனிக்ஸ் கணினியைத் தூசு தட்டி ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் இன்றும் இருக்கிறார்கள். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியதும் திரையில் ‘கனெக்ட் 115200’ என்று வரும். ஆனால் ஒரு மெகாபைட் கோப்பு இறங்க ஐந்து நிமிடம் ஆகும். உடனே பழி தொலைபேசி லைன் மேல் விழும்.

ஆனால் பாதை ஒன்றல்ல, இரண்டு. கணினியிலிருந்து மோடம் வரை சீரியல் கேபிள். அங்கிருந்து எதிர்முனை மோடம் வரை தொலைபேசி லைன். இரண்டுக்கும் வேகம் தனித்தனி. கீழே உள்ள நம்பிக்கைகளில் பல, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் பிறந்தவை.

நம்பிக்கை: ‘கனெக்ட்’ பக்கத்தில் வரும் எண்தான் இணைப்பின் வேகம்.

உண்மை: பல மோடம்கள் கேபிளின் வேகத்தைத்தான் சொல்கின்றன. சாதாரணத் தொலைபேசி லைனில் நொடிக்கு 115200 பிட் எட்டவே எட்டாது. பல மோடம்களில் தொடக்கக் கட்டளையோடு ‘டபிள்யூ2’ சேர்த்தால் லைனின் வேகம் தெரியும். 115200 இருந்த இடத்தில் 31200 வந்து நிற்கும். இணைப்பு மெதுவாகிவிடவில்லை; மோடம் இப்போதுதான் உண்மை பேசுகிறது. இந்தக் கட்டளை மோடத்துக்கு மோடம் மாறும் என்பதால் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: 33600 மோடத்துக்கு 38400 கேபிள் வேகம் தாராளம்.

உண்மை: வி.42பிஸ் முறையில் மோடம்கள் தகவலைச் சுருக்கி அனுப்புகின்றன. வெறும் எழுத்துக் கோப்பு பாதியாகச் சுருங்கினால், 33600 லைன் வழியே 67200 பிட்டுக்கு ஈடான சரக்கு வந்து சேரும். கேபிள் 38400இல் நின்றால் அது வாசலிலேயே தேங்கும். சிக்கல் என்னவென்றால், பழைய யூனிக்ஸின் வேகப் பட்டியலே 38400 உடன் முடிந்துவிடுகிறது. லினக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். ‘செட்சீரியல்’ கட்டளையில் ‘எஸ்பிடி_விஎச்ஐ’ என்று கொடுத்தால், நிரல் 38400 கேட்கும்போது போர்ட் 115200இல் ஓடும். கேட்ட நிரலுக்கு இது தெரியவே தெரியாது.

நம்பிக்கை: எழுத்துகள் விடுபட்டால் லைனில் இரைச்சல் என்று அர்த்தம்.

உண்மை: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. வி.42 பிழைதிருத்தம் ஓடும்போது, இரைச்சலில் சிதைந்ததை மோடங்களே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். வேகம் குறையலாம், எழுத்து காணாமல் போகாது. போவது பெரும்பாலும் கேபிள் பக்கம்தான். 115200 என்றால் நொடிக்கு 11,520 பைட், அதாவது சுமார் 87 மைக்ரோநொடிக்கு ஒன்று. 8250, 16450 சீரியல் சிப்புகள் ஒரு பைட்டைத்தான் கையில் வைத்திருக்கும். பிராசசர் வேறு வேலையில் இருந்தால் அடுத்த பைட் முந்தையதன் மேல் ஏறிவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட் வரை வரிசையில் காத்திருக்கும். கூடவே கணினியும் மோடமும் ஒன்றுக்கொன்று ‘பொறு’, ‘அனுப்பு’ என்று சொல்லும் ‘ஆர்டிஎஸ்-சிடிஎஸ்’ கைகாட்டலும் வேண்டும்: ‘எஸ்டிடிஒய்’ கட்டளையில் ‘சிஆர்டிஎஸ்சிடிஎஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றே கம்பி உள்ள கேபிளில் அதற்கான கம்பியே கிடையாது. எந்தக் கட்டளை கொடுத்தும் பயனில்லை.

நம்பிக்கை: 2400 பாட் என்றால் நொடிக்கு 2400 பிட்.

உண்மை: பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை குறி மாறுகிறது என்ற கணக்கு. 2400 பிட் வேக வி.22பிஸ் மோடம் 600 பாட்தான். ஒவ்வொரு குறியும் 4 பிட்டைச் சுமக்கிறது.

நம்பிக்கை: 56கே மோடம் வாங்கினால் 56கே வேகம்.

உண்மை: 1998இல் வந்த வி.90 தரத்தில் இறங்கும் வழிக்குத்தான் அந்த எண். ஏறும் வழி 33600. இறங்குவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. எதிர்முனை, தொலைபேசி வலையமைப்போடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். நடுவில் கூடுதலாக ஒரு முறை அனலாக்காக மாறினாலும் பழைய 33600க்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு இரண்டு 56கே மோடங்களைப் பேசவிட்டாலும் இதே கதைதான். அமெரிக்காவில் சமிக்ஞைத் திறனுக்கு இருந்த வரம்பால், நல்ல லைனிலும் சுமார் 53000க்கு மேல் கிடைக்கவில்லை.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். ‘ஜிஜிப்’ செய்த ஒரு கோப்பை இறக்குங்கள். ஏற்கெனவே சுருங்கியது மேலும் சுருங்காது என்பதால் லைனின் அசல் வேகம் தெரியும். அடுத்து அதே அளவு எழுத்துக் கோப்பு ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால், சுருக்கம் ஓடவில்லை அல்லது கேபிள் இடுக்கிப் பிடிக்கிறது. சிப், கேபிள், போர்ட் வேகம், கைகாட்டல் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகு லைன் மேல் பழி போடுங்கள்.