ஈமெயிலும் வெப்சைட்டும் வீடு மாறும்போது: ஒரு கேட்டரிங் கடையின் பாடம்

போன எபிசோட்டில் டிஎன்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று கதைத்தோம். அதைக் கேட்டுவிட்டு, "தியறி விளங்குது, ஆனா உண்மையான ஒரு கடையின்ர ஈமெயிலை மாத்தேக்க எதை முதல்ல செய்யிறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகவே இந்த மடலில், போன வருசம் நான் செய்த ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். அதில் நான் விட்ட ஒரு பிழையும் இருக்கு. அதை மறைத்தால் இந்தப் பாடத்தில் பாதி போய்விடும்.

இடம் ஸ்காபரோ. ஒரு அண்ணையும் அக்காவும் நடத்துகிற கேட்டரிங் கடை. ஐந்து ஈமெயில் முகவரி, ஒரு வேர்ட்பிரஸ் வெப்சைட், அதில் ஒரு ஓர்டர் படிவம். எல்லாம் ஒரே பழைய ஹோஸ்டிங் கணக்கில். வெப்சைட் ஆமை வேகம். அனுப்புகிற விலைப்பட்டியல் எல்லாம் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்தது. ஈமெயிலை கூகுள் வேர்க்ஸ்பேஸுக்கும் வெப்சைட்டை வேறொரு ஹோஸ்டிங்குக்கும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

1. நாலு சாவியும் யாரிடம்?

"எங்கட வெப்சைட்" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நாலு தனித்தனி சேவைகள் இருக்கு: டொமைன் பதிவு, டிஎன்எஸ், வெப் ஹோஸ்டிங், ஈமெயில். நாலையும் ஒரே நிறுவனம் தரலாம், நாலு நிறுவனமும் தரலாம். முதல் வேலை, நாலு கணக்குக்கும் லொகின் யாரிடம் இருக்கு என்று கண்டுபிடிப்பது.

இந்தக் கடையில் டொமைன், முதன்முதலில் வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வருகிற அறிவிப்பு எல்லாம் அவர் பார்க்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தேடிப் பிடித்து, டொமைனைக் கடையின் பெயருக்கு மாற்ற மூன்று கிழமை எடுத்தது. அது காலாவதியாகியிருந்தால் வெப்சைட்டும் ஈமெயிலும் ஒரே நாளில் நின்றிருக்கும்.

இரண்டு குறிப்பு. பதிவாளர் கணக்கின் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் ஈமெயிலைக் கொடுக்காதீங்கோ. டொமைன் நின்றால் பாஸ்வேட் மாற்றும் மடலும் வராது. வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டின மாதிரி. அடுத்தது, டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றுவதையும் இந்த வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாதீங்கோ. ஒரு தரம் மாற்றினால் பொதுவாக 60 நாள் பூட்டு விழும். டொமைன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ரெக்கோட்டுகளை மட்டும் மாற்றினால் போதும்.

2. பட்டியல் எழுதுங்கோ

பழைய டிஎன்எஸ்ஸில் உள்ள ஒவ்வொரு ரெக்கோட்டையும் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் எழுதி எடுங்கோ. படமும் பிடித்து வையுங்கோ. பிறகு ஈமெயில் முகவரிகள். இங்கேதான் ஆட்கள் சறுக்குவது. "ஐந்து முகவரி" என்று அண்ணை சொன்னார். பார்த்தால் அதுக்கு மேல் நாலு ஃபோர்வேடர் இருந்தது. அவை மெயில்பொக்ஸ் இல்லை, வருவதை இன்னொரு முகவரிக்குத் தள்ளிவிடுகிறவை. ஒன்று மரக்கறி சப்ளையரின் பில் வருகிற முகவரி. மெயில்பொக்ஸைக் கொப்பி பண்ணும்போது இவை கூட வராது. புது இடத்தில் கையால் உருவாக்க வேண்டும்.

ஸ்கேன் செய்து ஈமெயில் அனுப்புகிற பிரிண்டரையும் பட்டியலில் சேருங்கோ. அதற்குள் பழைய சேர்வரின் பெயரும் பாஸ்வேட்டும் இருக்கும்.

3. பழைய மெயில் உண்மையில் எங்கே இருக்கு?

இது பெரிய கேள்வி. ஐமாப் முறையில் மெயில் எல்லாம் சேர்வரில் இருக்கும். கணினியிலும் ஃபோனிலும் தெரிவது அதன் பிரதி. பொப்3 முறையில் மெயில் கணினிக்கு இறங்கிவிடும், சேர்வரிலிருந்து பெரும்பாலும் அழிந்துவிடும். அனுப்பிய மடல்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

அக்காவின் மேசைக் கணினியில் அவுட்லுக் பொப்3 முறையில் ஓடிக்கொண்டிருந்தது. சேர்வரில் பார்த்தால் இரண்டு கிழமை மெயில்தான். கணினியில் 2012 முதல் எல்லாம், ஒரே பிஎஸ்டி ஃபைலில். சேர்வரை மட்டும் கொப்பி பண்ணிவிட்டு அந்தக் கணினியைத் துடைத்திருந்தால் பத்து வருசத்துக்கு மேற்பட்ட கணக்கு வழக்கு போயிருக்கும். முதலில் அந்த ஃபைலை வெளி டிரைவில் இரண்டு பிரதி எடுத்தேன். பிறகு புதுக் கணக்கை அவுட்லுக்கில் சேர்த்து, வருசம் வருசமாக இழுத்துப் போட்டேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒன்றும் தொலையவில்லை.

மற்ற மெயில்பொக்ஸுகளை ஐமாப்சிங்க் என்ற கருவியால் கொப்பி பண்ணலாம். மாற்றுவதற்கு ஒரு கிழமைக்கு முன் முழுவதையும் ஒரு தரம் கொப்பி பண்ணுங்கோ. மாற்றிய பிறகு திரும்ப ஓட்டினால், ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். ஐமாப்பில் தொடர்பு விவரமும் கலண்டரும் வராது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

4. மாற்றுகிற நாள்

ஒவ்வொரு ரெக்கோட்டுக்கும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கு. மற்ற சேர்வர்கள் இந்த விடையை எத்தனை வினாடி ஞாபகம் வைத்திருக்கலாம் என்பதே அது. எங்களுடையது 14400, அதாவது நாலு மணித்தியாலம். முதல் நாளே அதை 300 ஆக்கினேன். அதன் பிறகு பிழை நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். மாற்றிய பிறகு குறைத்துப் பலன் இல்லை.

நேம்சேர்வரையே மாற்ற வேண்டியிருந்தால் அதை வேறொரு நாளில் செய்யுங்கோ. .காம் மட்டத்தில் அந்த விடை இரண்டு நாள் வரை நினைவில் நிற்கும், அதை நாங்கள் குறைக்க முடியாது. டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் முதலில் பதிவாளரிடம் உள்ள டிஎஸ் ரெக்கோட்டை நீக்கி, காத்திருந்து, பிறகுதான் நேம்சேர்வரைத் தொட வேண்டும்.

கேட்டரிங் கடைக்கு வார இறுதிதான் உயிர். அதனால் செவ்வாய் இரவைத் தேர்ந்தோம். எம்எக்ஸ் ரெக்கோட் மாற்றும்போது பழையதை அழித்துவிடுங்கோ. "பாதுகாப்புக்கு" என்று இரண்டாவதாக விட்டால் சில மடல்கள் அங்கேயும் போகும்.

5. ஸ்பாமுக்குள் போகாமல் இருக்க

எஸ்பிஎஃப் ரெக்கோட், எங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்கிறது. டிகிம், மடலில் போடுகிற கையெழுத்து. டிமார்க், இரண்டும் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு. சின்னக் கடைக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். மூன்றையும் போடுங்கோ.

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கோட்தான். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாது. டிமார்க்கை முதலில் கண்காணிக்க மட்டும் வையுங்கோ. சில கிழமை அறிக்கையைப் பார்த்த பிறகு இறுக்கலாம்.

6. நான் விட்ட பிழை

எல்லாம் முடிந்தது. மெயில் வருகிறது, போகிறது, வெப்சைட் வேகமாக ஓடுகிறது. ஓர்டர் படிவத்தையும் சோதித்தேன். என்னுடைய ஜிமெயிலைப் பெறுநராகப் போட்டு அனுப்பினேன், வந்தது. பிறகு கடையின் முகவரியைத் திரும்பப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு அம்மா கடைக்கு ஃபோன் எடுத்தா. கணவரின் 31ஆம் நாளுக்கு 120 பேருக்குச் சாப்பாடு கேட்டுப் படிவம் நிரப்பியிருந்தா. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டா.

நடந்தது இதுதான். புது ஹோஸ்டிங்கில் டொமைனைச் சேர்த்தபோது, அந்தச் சேர்வர் "இந்த டொமைனின் மெயிலும் என்னிடம்தான்" என்று நினைத்துக்கொண்டது. சீபனலில் ஈமெயில் ரவுட்டிங் என்ற அமைப்பு உள்ளூர் என்று இருந்தது. படிவத்தின் மடல் எம்எக்ஸைப் பார்க்காமல் அதே சேர்வருக்குள் யாரும் திறக்காத பெட்டிக்குள் விழுந்தது. ஜிமெயில் வெளி முகவரி என்பதால் என் சோதனை மட்டும் சரியாக வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஆறு ஓர்டர் கிடந்தது.

அந்த அமைப்பை வெளிச் சேர்வர் என்று மாற்ற ஒரு நிமிடம். அதோடு படிவம் எஸ்எம்டிபி மூலம் லொகின் செய்து அனுப்பவும், ஒவ்வொரு ஓர்டரும் வெப்சைட்டிலேயே ஒரு பிரதி சேமிக்கவும் வைத்தேன். அக்கா ஏசவில்லை. "தம்பி, காசு இல்லை பிரச்சினை. செத்த வீட்டுக்காரர் கேட்டதுக்கு நாங்கள் பதில் சொல்லேல்லை" என்றா. அந்த வேலைக்கு நான் பில் அனுப்பவில்லை.

இப்போது எந்தக் கடை என்றாலும் படிவத்தை அது உண்மையில் போக வேண்டிய முகவரிக்கே அனுப்பி, கடைக்காரரின் ஃபோனில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.

7. கடைசியாக

பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாதீங்கோ. குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கோ. கடைசி நாளில் ஐமாப்சிங்க்கை இன்னொரு தரம் ஓட்டி, முழு பேக்கப் ஒன்று எடுத்த பிறகு மூடுங்கோ. டிடிஎல்லையும் பழைய அளவுக்கு உயர்த்துங்கோ.

இந்த வார வீட்டுவேலை: உங்களுடைய, அல்லது உங்கள் சொந்தக்காரர் ஒருவருடைய கடையின் டொமைன் யாருடைய கணக்கில் இருக்கு, எப்போது காலாவதியாகுது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கோ. பத்து நிமிட வேலை. கேள்வி இருந்தால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் பேக்கப் பற்றிக் கதைப்போம்.