நூல்வெளியிலிருந்து நூலுக்கு

உயர்நிலை வகுப்புத் தமிழ் வினாத்தாளில் 'பாடலைப் படித்து நயம் பாராட்டுக' என்றொரு வினா வருவதுண்டு. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி எனத் தலைப்பிட்டு மாணவர்கள் விடை எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், அவர்களில் எத்தனை பேர் ஒரு கவிதை நூலைத் தாமாக எடுத்துப் புரட்டியிருப்பார்கள்? 'நயத்தல்' என்றால் விரும்புதல். விரும்பிப் படிக்காத ஒன்றின் நயத்தை எப்படிப் பாராட்ட முடியும்?

பள்ளியை விட்டுச் செல்லும் பெரும்பாலான மாணவர்களுக்குக் கவிதை என்பது மனப்பாடப் பகுதியோடு முடிந்துபோகிறது. இதை மாற்றும் வழி நம் பாடநூலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செய்யுளுக்கும் கீழே 'நூல்வெளி' என்ற கட்டம் உள்ளது. கவிஞர் யார், பாடல் எந்த நூலில் உள்ளது என்பதை அது சொல்கிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்காக அதை மாணவர்கள் நெட்டுருப் போடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட நூலை வகுப்பறைக்குள் கொண்டுவருவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

தொடக்க வகுப்புகளில்

சிறு குழந்தைக்குக் கவிதை முதலில் ஓசை, பொருள் பிறகுதான். அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைதட்டிச் சொல்லத்தக்க சந்தம், வீட்டிலும் தெருவிலும் அவர்கள் காணும் பொருள்கள், கொஞ்சம் சிரிப்பு எல்லாம் அதில் உண்டு. ஒரு பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாம் முறை அடியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். குழந்தைகளே அதை நிரப்புவார்கள். இயைபு என்ற சொல்லை அறியாமலே இயைபைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டி சொன்ன தாலாட்டையும் விடுகதையையும் குழந்தைகளிடம் கேட்டு எழுதி வைத்தால் வகுப்புக்கென ஒரு பாட்டு நூலே உருவாகும்.

உயர்நிலை வகுப்புகளில்

வளர்ந்த மாணவர்களுக்குக் குட்டிக் கவிதைகள் நல்ல நுழைவாயில். ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் கட்டுரை எழுதினார். இன்று தமிழில் ஹைக்கூ தொகுப்புகள் ஏராளம். மூன்றடிக் கவிதையின் மூன்றாம் அடியை மறைத்து, 'அடுத்து என்ன வரும்?' என்று கேளுங்கள். பிறகு கவிஞரின் அடியைக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசும்போது மாணவர்கள் நயம் பாராட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்த படி குறுந்தொகை. நான்கு முதல் எட்டு அடிகளில் அமைந்த 401 பாடல்கள். உ.வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு இன்றும் துணை நிற்கிறது. பாடலுக்குரிய கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு, 'பேசுவது யார்? தலைவியா, தோழியா? யாரிடம்? ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். சான்றை அவர்கள் பாடலுக்குள்ளேயே தேடுவார்கள். அருஞ்சொற்பொருளைத் தாமாகவே கேட்பார்கள்.

ஆசிரியருக்கும் ஒரு நூல்

தானே ரசிக்காத ஒன்றை ஆசிரியர் மாணவருக்குக் கடத்த முடியாது. எனவே, வகுப்புக்கு ஒரு நூல் எடுக்கும்போது நமக்கும் ஒன்று எடுப்போம். இதற்கு எளிய வழி, ஒரே கவிஞரைப் பின்தொடர்வது. பாப்பா பாட்டை வகுப்பில் பாடும் ஆசிரியர், வீட்டில் குயில் பாட்டைப் படிக்கலாம். மாணவர்களுக்குப் பாரதிதாசனின் 'இளைஞர் இலக்கியம்'. நமக்கு 'அழகின் சிரிப்பு'. ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணியின் 'மலரும் மாலையும்' நூலிலோ குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பாடல்கள் உண்டு. 'ஆசிய ஜோதி'யைத் தமிழில் தந்தவரும் அவரே. புதுக்கவிதைக்குள் நுழைய விரும்புவோர் ந. பிச்சமூர்த்தியிலிருந்து தொடங்கி, அப்துல் ரகுமானின் 'பால்வீதி', சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி' என்று நகரலாம். புரியாத கவிதையைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை. மனத்தில் தங்கிய ஒன்றைத் திரும்பப் படித்தால் போதும்.

நூல்கள் எங்கே?

முதலில் பள்ளி நூலக அலமாரியைத் திறந்து கவிதை நூல்களைத் தனி வரிசையாக்குங்கள். அருகிலுள்ள கிளை நூலகத்தில் தேடுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட கவிஞர்களின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வாரம் ஒரு பத்து நிமிடம்

நூலகப் பாடவேளையில் பத்து நிமிடத்தைக் கவிதைக்கு ஒதுக்குவோம். ஒருவர் தமக்குப் பிடித்த கவிதையை நூலைப் பார்த்தே வாய்விட்டுப் படிக்கட்டும்; நூலின் பெயரையும் கவிஞரின் பெயரையும் சொல்லட்டும். 'ஏன் பிடித்தது?' என்று ஒரு வரி சொன்னால் போதும்; சொல்லாவிட்டாலும் சரி. வினா, விடை, மதிப்பெண் எதுவும் வேண்டாம். முதல் வாரம் படிப்பவர் ஆசிரியராக இருக்கட்டும்.

சில வாரங்களில் ஒரு மாணவர் வந்து, 'ஐயா, அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா?' என்று கேட்கக்கூடும். அன்று அந்த நூல்வெளிக் கட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.