மறதி நோயாளியைக் கவனிப்பவரின் சுமை குறைய 11 குறிப்புகள்

டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த பெரியவரைப் பார்த்துக்கொள்வது இரவு பகல் பாராத வேலை. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலான வீடுகளில் மனைவி, மகள், மருமகள் என யாரோ ஒருவர் தலையில்தான் மொத்தப் பொறுப்பும் விழுகிறது. அந்த ஒருவருக்காகவே இந்தக் குறிப்புகள்.

1. மறதி தொடங்கியதுமே, ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

2. குளிப்பாட்டுவது, மாத்திரை, ஆஸ்பத்திரி, இரவில் விழித்திருப்பது என எல்லா வேலைகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து, எது யார் பொறுப்பு என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர் பகல்நேர ஆள் வைக்கப் பணம் தரலாம். வருடத்தில் சில வாரங்கள் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

3. சாப்பிட்ட கையோடு ‘எனக்குச் சோறே போடலையே’ என்பார். ‘இப்பதானே சாப்பிட்டீங்க’ என்று வாதாடினால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் மோரோ கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

4. இறந்துபோன கணவரை எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அது புதிய துக்கம். ‘அப்பாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்?’ என்று கேட்டு அவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

5. பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள், டி.வி. சத்தத்தைக் குறையுங்கள், மாலையில் காபி வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது போன்ற பழகிய வேலையைக் கையில் கொடுங்கள்.

6. குளிக்க மறுத்தால் இழுத்துப் போகாதீர்கள். சற்று நேரம் விட்டுக் கூப்பிடுங்கள். அன்று ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டாலும் போதும். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது நல்லது.

7. சமையல் முடிந்ததும் சிலிண்டரில் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பினாயிலையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். தெருமுனை டீக்கடையிலும் இஸ்திரி போடுபவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

8. கையெழுத்துப் போடத் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கு, நாமினி, உயில் வேலைகளை அவர் சம்மதத்தோடு முடித்துவிடுங்கள். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை ‘ஜீவன் பிரமாண்’ முறையில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

9. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

10. உங்கள் பிரஷர், சுகர் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவரை அவரோடு படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள். கோபம் தலைக்கேறினால், அவர் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கோபம் வந்ததற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஓய்வில்லாத உடம்பும் மனமும் அப்படித்தான் கொதிக்கும். அழுகை நிற்கவில்லை, தூக்கமே இல்லை என்றால் 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் தொடர்பான உதவிக்கு 14567.

11. பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நான் யாருன்னு தெரியுதா?’ என்று பெரியவரைச் சோதிக்க வேண்டாம். உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிட்டு அருகில் உட்காருங்கள். கவனிப்பவரிடம், ‘இப்படிச் செய்திருக்கலாமே’ என்று யோசனை சொல்வதைவிட, ‘ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு’ என்று சொல்லுங்கள். பழத்தோடு பலகாரத்தோடு வருவதைவிட அவருக்கு அதுதான் பெரிய உதவி.