தெப்பக்குளத்தில் எதிரும் புதிருமாக

மாமாவின் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "தினமும் நடங்க" என்றார். தனியாகப் போக மாட்டேன் என்று மாமா அடம்பிடித்தார். அப்படித்தான் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நாங்கள் ஆறு பேரும் கிளம்பினோம்.

திருமலை நாயக்கர் வெட்டிய குளம். கரையை ஒரு முறை சுற்றினால் 1.2 கிலோமீட்டருக்குக் குறையாது. குளம் வறண்டு கிடந்த காலத்தில் என் வீட்டுக்காரர் அதற்குள் கிரிக்கெட் ஆடியவர். இப்போது தண்ணீர் நிற்பதால் அவரும் கரையில்தான் நடந்தாக வேண்டும்.

முதல் வாரம் படுதோல்வி. குடும்பத்தோடு நடப்பதென்றால் ஒட்டிக்கொண்டே நடப்பது என்று நினைத்திருந்தேன். மாமாவின் வேகத்தில் போனால் எங்களுக்கு வியர்க்கவே இல்லை. எங்கள் வேகத்துக்கு இழுத்தால் அவருக்கு மூச்சு வாங்கியது. பத்தாவது படிக்கும் பையன் செல்போனுக்குள் போய்விட்டான். நான்காம் நாள் பாப்பாவுக்கு வயிற்றுவலி. பொய்தான்.

வழி சொன்னவர் அத்தை. "தேர்வடமா பிடிக்கிறோம், எல்லாரும் சேந்து இழுக்க? ஆளுக்கொரு பக்கமா சுத்துங்க, எதிர்ல பாத்துக்கலாம்."

மறுநாள் மாமா ஒரு திசையிலும் பையன் எதிர்த்திசையிலும் நடந்தார்கள். மாமா ஒரு சுற்று முடிப்பதற்குள் அவன் இரண்டு சுற்று முடிப்பான். அதாவது மூன்று முறை எதிர்ப்படுவார்கள். ஒவ்வொரு முறையும் கையில் ஒரு தட்டு. கணக்கு வைப்பது பாப்பாவின் வேலை. வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

முழங்கால் வலிக்கு ஓய்வுதான் மருந்து என்று அத்தை நம்பியிருந்தார். தொடைத் தசை வலுவானால்தான் மூட்டுக்குப் பாரம் குறையும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு, கரைக் கட்டையில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். பிறகு ஒரு கரை மட்டும் நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மற்றவர்களுக்கு அதுதான் வேகக் கணக்கு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்தால் தீர்ந்தது. பிள்ளைகளுக்கோ நாளுக்கே 60 நிமிடம். மீதியைப் பாப்பா தெருவில் ஓடித் தீர்த்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் மாமா மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். இரண்டாவது கைத்தட்டலில் பையன் கத்தினான்: "அம்மா, தாத்தா கை நடுங்குது!" சட்டை நனைந்திருந்தது. என் பையில் கடலை மிட்டாய்தான் இருந்தது, அதை நீட்டினேன். நல்லவேளை, டீக்கடைக்காரர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். இப்போது என் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. மாத்திரை நேரத்தையும் அவரிடமே கேட்டு மாற்றிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

எதிர்பாராத வரவு ஒன்றும் உண்டு. அரையாண்டில் கணக்கில் 41 மார்க் என்பதைப் பையன் கிழக்குக் கரையில்தான் சொன்னான். வீட்டில் எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காதவன், பக்கத்தில் நடந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நானும் அவனைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டேன். மூச்சு வாங்கும்போது திட்டுவது கஷ்டம்!

மாலை நடையை மட்டும் கைவிட்டோம். சாயங்காலமானால் கரையெங்கும் தின்பண்டக் கடைகள். ஒரு சுற்று நடந்துவிட்டு ஆளுக்கு நான்கு பஜ்ஜி தின்ற நாள் உண்டு. காலை ஐந்தேமுக்காலுக்கு வாருங்கள். அந்த நேரத்தில் டீக்கடை மட்டும்தான் திறந்திருக்கும்.