வெட்டலும் ஒட்டலும்: மாணவர் குறும்படத்திற் படத்தொகுப்பு

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இக்காலத்தில், மாணாக்கர் குறும்படம் எடுத்தல் அரிய செயலன்று. எடுத்தவற்றைத் தொகுத்தலே அரிது. கூடை நிறையப் பூவிருப்பினும் தொடுப்பவர் கையிலன்றோ மாலை பிறக்கின்றது! அத்தொடுத்தற் கலையின் முதற்பாடங்கள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

சினிமாவின் தொடக்கத்திற் கமராவை ஓரிடத்தே நிறுத்தி, நாடகமேடையைப் பார்ப்பதுபோலப் படம் பிடித்தனர். 1903 இல் அமெரிக்கரான எட்வின் போர்ட்டர், புகைவண்டிக் கொள்ளை பற்றிய தம் படத்தில், வெவ்வேறிடத்து நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து ஒட்டிக் கதை சொன்னார். 1920 ஆம் ஆண்டையண்டி இரசியாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனையொன்றைத் திரைக்கலை நூல்கள் எடுத்துக் கூறும். நடிகரொருவரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கோப்பை, பிரேதப் பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு தனித்தனியே இணைத்தார். பார்த்தோர் அம்முகத்தில் முறையே பசியையும் துயரையும் ஆசையையும் கண்டனராம். முகம் மாறவில்லை, அதன் அயல் மாறிற்று.

இதனை நம்மூர்க் காட்சியொன்றில் வைத்து நோக்குவோம். தேர்ச்சி அறிக்கையிற் குறைந்த புள்ளி பெற்ற சிறுவன் வீடு திரும்புகின்றான்; தாய் கிணற்றடியில் நீர் அள்ளுகின்றாள். அவன் அறிக்கையை ஒளிப்பதை முதலிற் காட்டித் தாயைப் பின்னர்க் காட்டினால், "அகப்படுவானோ" என்னும் அச்சம் தோன்றும். கயிறு தேய்த்துக் காய்த்த தாயின் உள்ளங்கையை முதலிற் காட்டி, அறிக்கையைப் பின்னர்க் காட்டினால் இரக்கம் பிறக்கும். துண்டுகள் அவையே, வரிசைதான் வேறு.

இனி நுட்பங்கள் சில. சிறுவன் படலையைத் தள்ளும் அசைவின் நடுவே வெட்டி, அவ்வசைவு உட்புறமிருந்து தொடரும் துண்டை ஒட்டினால், வெட்டு கண்ணுக்குத் தெரியாது. இதன்பொருட்டு அச்செயலை இருபுறமிருந்தும் முழுமையாக எடுத்திருத்தல் வேண்டும். தாயையும் மகனையும் இணைக்கும் கற்பனைக் கோடொன்றின் ஒரு பக்கத்திலேயே கமரா நிற்றல் வேண்டும். மறுபக்கம் தாவின், எதிரெதிரே நிற்பவர் ஒரே திசை நோக்குவார்போலத் தோன்றுவர். கிணற்றைக் காட்டுமுன்னரே கப்பியின் ஒலியைக் கேட்பித்தால், செவி வழிகாட்டக் கண் பின்தொடரும். படம் பிடிக்கும் ஒவ்வோரிடத்திலும் எவரும் பேசாதிருக்க அரை நிமிடம் ஒலிப்பதிவு செய்க. உரையாடலை வெட்டிய இடங்களில் எழும் வெறுமையை அது நிரப்பும்.

எங்கே வெட்டுவது? அனுபவமிக்க தொகுப்பாளர் வால்டர் மேர்ச், தாம் வகுத்த ஆறு அளவைகளுள் உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51 பங்கு அளித்தார். கதையும் தாளமும் அதற்குப் பின்னரே. ஆதலின் மகன் முகத்தைத் தாய் மௌனமாக நோக்கும் துண்டினை அவசரப்பட்டு வெட்டற்க. மூன்று மாலை காத்திருந்து எடுத்த பனந்தோப்பு அந்தியாயினும், கதைக்கு உதவாதாயின் நீக்குக. நாம் பட்ட பாட்டைப் பார்ப்போர் அறியார், படத்தையே அறிவர்.

இவையனைத்தினும் மேலான பாடமொன்றுண்டு. "அக்காலத்தில் ஆசிரியரிடம் அடி வாங்கினோம், ஆனால் அவர் அன்பையும் மறவோம்" என முதியவர் ஒருவர் கமராவின் முன் கூறுவதாகக் கொள்வோம். பிற்பாதியை வெட்டின் நன்றி குறையாகிவிடும். முற்பாதியை வெட்டின் வடு மறைந்துவிடும். ஈரிடத்தும் ஒரு சொல்லேனும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. எனினும் ஈரிடத்தும் பொய் பிறந்துவிட்டது. கற்பனைக் கதையில் வரிசையை மாற்றுதல் கலை. மெய்ம்மனிதர் வாய்மொழியில் அவர் கருத்தை மாற்றுதல் களவு. முடிந்த தொகுப்பைப் பேசியவருக்கே முதலிற் காட்டுதல் நன்று.

மாணவ நண்பர்களே, மூலப்பதிவுகளை ஈரிடத்துச் சேமித்து வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் தொகுப்பு மென்பொருளொன்றே தொடக்கத்திற்குப் போதும். கத்தரிக்கோலைக் கை எளிதிற் பழகிக்கொள்ளும். அதனை எங்கே வைக்கலாகாது என்பதை நெஞ்சுதான் பழகல் வேண்டும்.